அணுகல் உரிமைகளை நிர்வகிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு பேர் முதல் சில ஆயிரம் பேர் வரை பணிபுரியும் இந்திய நிறுவனங்களில், யாருக்கு எந்தக் கணினி அமைப்பில் என்ன உரிமை இருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்றிருப்பவர்களை மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வங்கி சாரா நிதி நிறுவனம், மருத்துவமனை, மென்பொருள் நிறுவனம் என எதுவாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

அடையாள நிர்வாக மென்பொருளுக்கும் உள்கட்டமைப்பு அணுகல் மென்பொருளுக்கும் என்ன வேறுபாடு?

அடையாள நிர்வாக மென்பொருள் ஒரு பதிவேட்டின் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும் எந்தெந்தச் செயலியில் என்னென்ன உரிமைகள் உள்ளன, அவற்றை யார் அனுமதித்தார், கடைசியாக எப்போது மறுஆய்வு செய்யப்பட்டன ஆகியவற்றை அது ஓரிடத்தில் வைத்திருக்கிறது. பணியில் சேரும்போது கணக்குகளைத் திறக்கிறது, துறை மாறும்போது மாற்றுகிறது, விலகும்போது மூடுகிறது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகு, நிதிக் கணக்குகளைத் தொடும் அமைப்புகளின் உள்கட்டுப்பாடுகளை நிறுவனங்கள் தணிக்கையாளரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தத் துறை வேகமாக வளர்ந்ததற்கு அந்தத் தேவை ஒரு முக்கியக் காரணம்.

உள்கட்டமைப்பு அணுகல் மென்பொருள் வாசலில் நிற்பது. ஒரு பொறியாளர் லினக்ஸ் சர்வருக்குள்ளோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள்ளோ, செயலிகளை இயக்கும் சர்வர்களின் தொகுதியான குபர்நெட்டிஸ் க்ளஸ்டருக்குள்ளோ நுழையும் அந்தக் கணத்தில் அவர் யார் என்று சரிபார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அனுமதித்து, உள்ளே அவர் இட்ட கட்டளைகளைப் பதிவு செய்கிறது.

பதிவேட்டில் ஒருவரது பெயர் நீக்கப்பட்ட பிறகும் வாசல் திறந்திருக்குமானால் அந்தப் பதிவேட்டால் பயனில்லை. எனவே இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குகிறோமா என்பதைவிட, ஒன்றில் நடக்கும் மாற்றம் மற்றொன்றை எவ்வளவு விரைவாகச் சென்றடைகிறது என்பதே கவனத்துக்குரியது.

எங்களிடம் ஒற்றை உள்நுழைவு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஒரே உள்நுழைவில் பல செயலிகளுக்குள் செல்ல வழிசெய்யும் ஒற்றை உள்நுழைவு, வந்திருப்பவர் யார் என்பதை உறுதிப்படுத்துகிறது. உள்ளே அவருக்கு இருக்கும் உரிமைகள் இன்றைய பணிக்குத் தேவையானவையா என்று அது கேட்பதில்லை. மூன்று துறைகளில் அடுத்தடுத்துப் பணியாற்றிய ஒருவரிடம் மூன்று துறைகளின் உரிமைகளும் சேர்ந்திருப்பது எல்லா நிறுவனங்களிலும் காணக்கூடியது.

மேலும், ஒற்றை உள்நுழைவுக்கு வெளியே நிற்கும் கணக்குகளே பெரும்பாலும் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கிய தாக்குதல்காரர்கள் உள்ளே நுழைந்தது, பயன்பாட்டில் இருக்கக் கூடாத, ஆனால் மூடப்படாமல் விடப்பட்ட ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கின் வழியாகத்தான். அதற்குக் கடவுச்சொல் மட்டுமே இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நாட்டின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய்த்தொடர் பல நாட்கள் நின்றது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஊடுருவல் செய்தியிலும் தொடக்கப் புள்ளி இதே வகையானது: இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத, சோதனைக்காக உருவாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஒரு பழைய கணக்கு.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மனிதவளப் பிரிவிலிருந்து. யார் ஊழியர், யார் ஒப்பந்தப் பணியாளர், யார் எந்த நாளில் விலகுகிறார் என்பதை நம்பத்தகுந்த முறையில் சொல்லும் ஒரே ஓர் ஆதாரம் இல்லாதவரை, எந்த விலையுயர்ந்த மென்பொருளும் தவறான தகவலை விரைவாகப் பரப்பும் கருவியாகவே இருக்கும்.

இந்திய நிறுவனங்களில் இது குறிப்பாகச் சிக்கலானது. நிரந்தர ஊழியர்கள் ஒரு சம்பள மென்பொருளிலும், ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வருபவர்கள் ஓர் எக்செல் தாளிலும், வெளி விற்பனையாளரின் பொறியாளர்கள் யாரோ ஒரு மேலாளரின் மின்னஞ்சல் பெட்டியிலும் இருப்பார்கள். மூன்றாவது வகையினரின் விலகல் யாருக்கும் முறையாகத் தெரிவிக்கப்படுவதே இல்லை. வெளியாட்களின் ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு பொறுப்பாளரும், தானாகவே காலாவதியாகும் ஒரு தேதியும் இருக்க வேண்டும் என்ற விதியை மென்பொருள் வாங்குவதற்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

விற்பனையாளர் செயல்முறை விளக்கம் தரும்போது முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

உரிமையைத் திரும்பப் பெறுவதை. விற்பனையாளர்கள் காட்ட விரும்புவது புதிய ஊழியர் சேரும் காட்சியை: ஒரு பொத்தானை அழுத்தியதும் பத்துச் செயலிகளில் கணக்கு உருவாகும். அது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு கிடைக்காத ஊழியர் அன்றே புகார் செய்துவிடுவார், மூடப்படாத கணக்கைப் பற்றி எவரும் புகார் செய்வதில்லை. மென்பொருளின் உதவி உண்மையில் தேவைப்படுவது புகார் வராத அந்த இடத்தில்தான்.

ஆகவே உங்கள் சொந்தச் சூழலில், உங்கள் செயலிகளுடன், ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, அந்த நபர் ஒரு சர்வருக்குள்ளும் ஒரு தரவுத்தளத்துக்குள்ளும் நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே மனிதவள அமைப்பில் அவரை விலகியவராகக் குறியுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா, அல்லது அவராக வெளியேறும்வரை நீடிக்கிறதா? மின்னஞ்சல் எப்போது நின்றது? கைப்பேசியில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் செயலி எவ்வளவு நேரம் இயங்குகிறது? அவர் பெயரில் உருவாக்கப்பட்ட, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஏபிஐ சாவிகள் என்னவாயின? பல கருவிகள் புதிய உள்நுழைவை உடனே தடுத்துவிடும், ஆனால் உள்நுழைந்தவரை மீண்டும் கடவுச்சொல் கேட்காமல் உள்ளேயே வைத்திருக்க ஏற்கெனவே வழங்கப்பட்ட அமர்வு டோக்கன்களைத் தொடாது. இந்த ஒரு சோதனை, நூறு பக்க ஒப்பீட்டு அட்டவணையைவிட அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் செயலிகளுடன் இது இணையுமா என்பதை எப்படி உறுதி செய்வது?

2015இல் தரமாக்கப்பட்ட ஸ்கிம் 2.0 நெறிமுறையை ஆதரிக்கும் செயலிகளில் கணக்குகளைத் தானாகத் திறக்கவும் மூடவும் முடியும். ஆனால் பல இணையச் செயலிகள் இந்த வசதியை மிக உயர்ந்த கட்டணத் திட்டத்தில் மட்டுமே தருகின்றன. ஆகவே நிர்வாக மென்பொருளின் விலையுடன், அது முழுமையாக வேலை செய்வதற்காக மற்றச் செயலிகளின் திட்டங்களை உயர்த்த வேண்டிய செலவையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் பெரும்பாலும் விடுபடுவது இதுவே.

இருபது ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த கணக்கியல் அல்லது கிடங்கு மென்பொருள் உங்களிடம் இருந்தால், அதற்கு ஆயத்த இணைப்பி எதுவும் இருக்காது. அதன் பயனர் அட்டவணையை நேரடியாகப் படிக்கும் இணைப்பியை எழுதித் தருவார்களா, யார் பராமரிப்பார்கள் என்று முன்பே கேளுங்கள். “தானாக இணையும்” என்று சொல்லப்படும் சில இணைப்புகள், ஒரு நிர்வாகிக்கு “இந்தக் கணக்கை மூடவும்” என்று மின்னஞ்சல் அனுப்புவதோடு நின்றுவிடும்.

சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் சாவி பயன்படுத்துகிறோம். கடவுச்சொல்லைவிடப் பாதுகாப்பானதுதானே?

கடவுச்சொல்லோடு ஒப்பிட்டால் ஆம், ஆனால் அந்தச் சாவிக்குக் காலாவதி கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவரது பொதுச் சாவி (சாவி இணையில் சர்வரில் வைக்கப்படும் பாதி) ஒரு சர்வரின் அனுமதிப் பட்டியல் கோப்பில் சேர்க்கப்பட்டால், யாராவது நினைவில் வைத்து அதை நீக்கும்வரை அங்கேயே இருக்கும். அந்தச் சர்வரின் நகலை எடுத்துப் புதிய சர்வர்களை உருவாக்கும்போது அந்தச் சாவியும் கூடவே நகலாகிறது. ஐந்தாண்டுகள் கழித்து, எந்தச் சாவி யாருடையது என்று சொல்லக்கூடியவர் நிறுவனத்தில் எவரும் இருக்க மாட்டார்கள். பழைய சாவியை நீக்கினால் இரவு நேரக் காப்புப் பிரதி எடுக்கும் பணி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த அச்சம் நியாயமானதும்கூட.

இதற்கான தீர்வு புதியதன்று. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 5.4 பதிப்பிலிருந்தே சான்றிதழ் அடிப்படையிலான உள்நுழைவு இருக்கிறது. பொறியாளர் காலையில் ஒற்றை உள்நுழைவு வழியாகத் தன்னை நிரூபித்தால், நிறுவனத்தின் சான்றளிப்பு அமைப்பு எட்டு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ செல்லுபடியாகும் ஒரு சான்றிதழைக் கையொப்பமிட்டுத் தருகிறது. சர்வர்கள் தனித்தனிச் சாவிகளை நம்பாமல் அந்தச் சான்றளிப்பு அமைப்பை மட்டும் நம்புகின்றன. மாலையில் சான்றிதழ் தானாகவே செத்துவிடுகிறது. ஊழியர் விலகினால் மறுநாள் புதிய சான்றிதழ் கிடைக்காது. நீக்குவதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை. டெலிபோர்ட் போன்ற கருவிகள் இந்த முறையையே தரவுத்தளங்களுக்கும் குபர்நெட்டிஸுக்கும் விரித்திருக்கின்றன.

சைபர்ஆர்க் போன்ற பழைய மரபில் வந்த கருவிகள் வேறொரு பாதையில் தொடங்கின: நிர்வாகிக் கடவுச்சொற்களை ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்து, கேட்கும்போது கொடுத்து, பயன்பாட்டுக்குப் பின் மாற்றிவிடுவது. சான்றிதழ்களைப் புரிந்துகொள்ளாத பழைய நெட்வொர்க் சுவிட்சுகள், விண்டோஸ் சர்வர்கள், வங்கி மென்பொருள்கள் நிறைந்த இடத்தில் பெட்டகம் இல்லாமல் முடியாது. புதிய கிளவுட் சூழலில் மட்டும் இயங்கும் நிறுவனத்துக்குப் பெட்டகம் பெரும்பாலும் தேவையற்ற சுமை. இரண்டும் கலந்த நிலையே உங்களுடையது என்றால், எந்தப் பகுதி வளர்கிறது, எது தேய்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொறுப்புப் பிரிப்பு என்று தணிக்கையாளர் வலியுறுத்துகிறார். மென்பொருளால் அதைச் செய்ய முடியுமா?

ஒரே நபர் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கவும் அதை அனுமதிக்கவும் முடியாதபடி செய்வதே பொறுப்புப் பிரிப்பு. அடையாள நிர்வாக மென்பொருள், ஒன்றோடொன்று சேரக் கூடாத உரிமைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, இரண்டும் ஒருவரிடம் சேரும்போது தடுக்கும் அல்லது எச்சரிக்கும்.

ஆனால் மென்பொருளின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அது எதையும் செய்ய இயலாது. 2018இல் வெளிச்சத்துக்கு வந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், மும்பைக் கிளையிலிருந்து, வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் செய்தி அமைப்பின் வழியாக உத்தரவாதக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. அந்த அமைப்பு வங்கியின் மையக் கணக்கு மென்பொருளுடன் இணைக்கப்படாததால், கடிதங்கள் கணக்கில் ஏறாமலே பல ஆண்டுகள் வெளியே சென்றுகொண்டிருந்தன. ஸ்விஃப்ட் அமைப்பு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பின்னர் அறிவித்தது. இழப்பு 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

உங்கள் நிறுவனத்தில் பணத்தையோ நோயாளியின் தகவலையோ நகர்த்தும் அமைப்புகளில் எவை நிர்வாக மென்பொருளோடு இணைக்கப்படாமல் நிற்கப்போகின்றன என்ற பட்டியலை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணையும் செயலிகளின் பட்டியலைவிட அதுவே உங்களுக்கு முக்கியம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அணுகல் மறுஆய்வு நடத்துகிறோம். எல்லா மேலாளர்களும் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்களே?

நாற்பது ஊழியர்கள், ஒவ்வொருவருக்கும் முப்பது உரிமைகள் என்றால் 1,200 வரிகள். அவற்றில் பல, மேலாளருக்கே பொருள் விளங்காத குறியீட்டுப் பெயர்களாக இருக்கும். அந்த நிலையில் “அனைத்தையும் தேர்ந்தெடு” என்ற பெட்டியை அவர் அழுத்துவதை நாம் குறை சொல்ல இயலாது.

நல்ல மென்பொருள் இந்த 1,200ஐச் சுருக்கித் தரும்: 90 நாட்களாகப் பயன்படுத்தாத உரிமைகள், அதே பணியில் உள்ள மற்றவர்களுக்கு இல்லாத உரிமைகள், துறை மாறியவரிடம் எஞ்சியிருப்பவை ஆகியவற்றை மட்டும் முன்னே வைக்கும். உரிமையின் பெயருக்கு அருகில் சாதாரண மொழியில் விளக்கம் எழுதும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைவிடச் சிறந்தது, ஆபத்தான உரிமைகளை நிரந்தரமாகக் கொடுக்காமலே இருப்பது. தேவைப்படும்போது கேட்டு, காரணம் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குப் பெற்று, தானாகவே இழக்கும் உரிமைக்கு மறுஆய்வே தேவையில்லை.

மனிதர் அல்லாத கணக்குகளை என்ன செய்வது?

இன்று பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்களில் மனிதக் கணக்குகளைவிட, மென்பொருள்கள் தாமாக இயங்கப் பயன்படுத்தும் சேவைக் கணக்குகளும், ஏபிஐ சாவிகளும், தானியங்கிப் பணிகளின் டோக்கன்களும் அதிகம். அவை பணி விலகுவதில்லை, விடுப்பு எடுப்பதில்லை, மனிதவள அமைப்பில் அவற்றுக்குப் பெயரும் இல்லை. 2023 அக்டோபரில் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆதரவு அமைப்பு ஊடுருவப்பட்டதற்கு ஒரு சேவைக் கணக்கே வழியாயிற்று. அதன் விவரங்கள் ஓர் ஊழியரின் தனிப்பட்ட கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தன. அடையாளச் சேவை வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கே இது நேர்ந்தது.

ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு மனித உரிமையாளர் இருக்க வேண்டும், அவர் விலகும் நாளில் அந்தக் கணக்கு இன்னொருவருக்கு மாற்றப்பட வேண்டும். இதைக் கட்டாயப்படுத்தாத மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலையான சாவிகளுக்குப் பதிலாகக் கிளவுட் நிறுவனங்கள் தரும் தற்காலிக அடையாளங்களைப் பயன்படுத்தக்கூடிய இடங்களில், சாவியையே ஒழித்துவிடுவது இன்னும் நல்லது.

இந்தியச் சட்டங்களும் ஒழுங்குமுறைகளும் எவற்றை எதிர்பார்க்கின்றன?

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுகளின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுமை குறித்த முதன்மை வழிகாட்டுதல்கள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வங்கிகளும் குறிப்பிட்ட அடுக்குகளில் உள்ள வங்கி சாரா நிதி நிறுவனங்களும் முக்கிய அமைப்புகளின் சிறப்புரிமைப் பயனர்களுக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் பல்காரணிச் சரிபார்ப்பைக் கொண்டுவர வேண்டும். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

இவற்றிலிருந்து மென்பொருளுக்கான நேரடித் தேவைகள் பிறக்கின்றன. பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கும், கூடுதல் காலத்துக்குக் கூடுதல் கட்டணமா, அமர்வுப் பதிவுகள் எந்த நாட்டில் சேமிக்கப்படும், 6 மணி நேரத்துக்குள் “யார், எப்போது, எதைத் தொட்டார்” என்ற பதிலை ஒரே தேடலில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சில கிளவுட் சேவைகளின் அடிப்படைத் திட்டத்தில் பதிவுகள் 30 நாட்களிலோ 90 நாட்களிலோ அழிந்துவிடும்.

திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், உரிமத்தைக் கவனமாகப் படித்த பிறகு. உள்நுழைவுச் சரிபார்ப்புக்குக் கீகிளோக் முதிர்ச்சியான தேர்வு. ரெட் ஹேட் நிறுவனத்தில் வளர்ந்து, 2023இல் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையின் திட்டமாக ஏற்கப்பட்டது. நிர்வாகப் பக்கத்தில் ஸ்லோவாக்கியாவின் எவோல்வியம் நிறுவனம் உருவாக்கும் மிட்பாயின்ட் இருக்கிறது. திறமை மிக்கது, ஆனால் கற்றுக்கொள்ள மாதங்கள் பிடிக்கும்.

உள்கட்டமைப்பு அணுகலில் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. பவுண்டரி கருவியை வெளியிடும் ஹாஷிகார்ப், 2023 ஆகஸ்டில் தன் கருவிகளைத் திறந்த மூல உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியது. பின்னர் ஐபிஎம் அந்த நிறுவனத்தையே வாங்கியது. டெலிபோர்ட் 2023 இறுதியில், மாற்றங்களின் மூல நிரலையும் வெளியிடக் கோரும் ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு, அதன் இலவச ஆயத்தப் பதிப்பைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு வரம்பு விதித்தது. இலவசமாகக் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், அது நாளை இலவசமாக இல்லாமல் போனால் என்ன செய்வோம் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

திறந்த மூல மென்பொருளை ஏற்று நடத்த, அதை நன்கு அறிந்த இரண்டு பேராவது உள்ளே தேவை. ஒருவர் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் வாசலின் முழுப் பொறுப்பும் ஆளின்றி நிற்கும்.

பெரிய நிறுவனங்களின் கருவிகளில் எது எங்களுக்குப் பொருந்தும்?

செயில்பாயின்ட், சேவியின்ட் ஆகியவை ஆயிரக்கணக்கான ஊழியர்களும் சிக்கலான தணிக்கைத் தேவைகளும் உள்ள நிறுவனங்களுக்காக உருவானவை. அவற்றை நடைமுறைப்படுத்துவது தனியொரு திட்டம், பெரும்பாலும் வெளி ஆலோசகர்களின் துணையோடு. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் சூழலில் முழுமையாக இருக்கும் நடுத்தர நிறுவனம், முன்பு அஷ்யூர் ஏடி என்று அழைக்கப்பட்ட என்ட்ரா ஐடியின் உயர்நிலைத் திட்டத்தில் உள்ள தற்காலிக உரிமை, அணுகல் மறுஆய்வு வசதிகளை முதலில் முழுதாகப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. பலர் அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே அந்த வசதிகளைத் திறக்காமல், வேறொன்றுக்கு விலை கேட்கிறார்கள்.

அந்த மென்பொருளே ஊடுருவப்பட்டால் அல்லது இயங்காமல் போனால்?

நடக்கக்கூடியதுதான். 2024 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த தாக்குதலில், அமெரிக்க நிதித்துறைக்குள் ஊடுருவியவர்கள், தொலைநிலை ஆதரவு சேவை தந்த பியாண்ட்டிரஸ்ட் நிறுவனத்தின் திருடப்பட்ட ஏபிஐ சாவி ஒன்றைப் பயன்படுத்தினர். அணுகல் மென்பொருளிடம் எல்லாக் கதவுகளின் அதிகாரமும் குவிகிறது என்பதால், அதன் நிர்வாகிகளுக்கு வன்பொருள் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்குங்கள். அதன் பதிவுகளை அதன் நிர்வாகிகளாலும் அழிக்க முடியாத வேறோர் இடத்துக்கு உடனுக்குடன் அனுப்புங்கள்.

அது இயங்காத நேரத்துக்கென இரண்டு அவசரக் கணக்குகள் தனியே இருக்க வேண்டும். அவற்றின் விவரங்களை உறையிட்டு, இருவர் சேர்ந்தால் மட்டுமே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்து, பயன்படுத்தப்பட்டால் மேலதிகாரிகள் அனைவருக்கும் எச்சரிக்கை செல்லுமாறு அமைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை உண்மையிலேயே அவை திறக்கின்றனவா என்று ஒத்திகை பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இந்தத் துறையில் நிறுவனங்கள் அடிக்கடி கைமாறுகின்றன. செயில்பாயின்ட் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2025இல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. சைபர்ஆர்க் நிறுவனத்தைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்குவதாகப் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. கைமாறும்போது விலைப்பட்டியலும் மாறும் என்பதால், புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு உச்சவரம்பு, ஒப்பந்தப் பணியாளர்களும் சேவைக் கணக்குகளும் கட்டணக் கணக்கில் எப்படி எண்ணப்படும் என்ற விளக்கம், ஊடுருவல் நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிவிப்பார்கள் என்ற உறுதி ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். உங்களுடைய 6 மணி நேரக் கெடுவை அவர்களது உறுதியோடு பொருத்திப் பாருங்கள்.

விட்டு விலகும்போது உரிமைப் பட்டியல்கள், ஒப்புதல் வரலாறு, அமர்வுப் பதிவுகள் ஆகியவற்றை வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் முழுமையாகத் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடுவதற்கு முன்பே, சோதனைக் காலத்துத் தரவை அவ்வாறு எடுத்துத் தரச் சொல்லி, திறந்து படித்துப் பாருங்கள்.